விக்கி போட்டது சரிதான், ஆனா

கஸ்டமர் கேள்விக்கெல்லாம் பதில, எல்லாரும் சேந்து எழுதி திருத்தற வெப் பக்கமா, அதாவது விக்கியா போடலாம்னு நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் விக்கி வேணும்னுதான் சொல்லுவேன். எங்க பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினவங்க இருக்கற டெலிகிராம் குரூப்ப பாத்துக்கறது என் வேலை, வர்ற கேள்வில பாதி இ-இன்வாய்ஸ் பத்தி, அதாவது ஜிஎஸ்டி பில்ல அரசாங்க போர்ட்டல்ல பதியறது. வருஷ டர்ன்ஓவர் எவ்வளவு தாண்டினா அது கட்டாயம்ங்கற லிமிட்டு இருக்கே, 2020 அக்டோபர்ல 500 கோடி, 2021ல 100, அப்புறம் 50, 2022ல 20, 10, கடைசியா 2023 ஆகஸ்ட்ல 5 கோடின்னு இறங்கிட்டே வந்துச்சு. குரூப்ல தேடினா எல்லா பதிலும் கிடைக்கும், எழுதின அன்னிக்கு எல்லாமே சரி, இன்னிக்கு 20 கோடிய நம்பினவன் அபராதம் கட்டணும். விக்கின்னா ஒரே பக்கம், ரூல் மாறினா யாரு வேணா திருத்தலாம், பழசு ஹிஸ்டரில பத்திரமா இருக்கும்.

"யாரு வேணாவா?"ன்னு மேனேஜர் இழுத்தாங்க. விக்கிபீடியாவுக்கு முன்னாடி வந்த இணைய கலைக்களஞ்சியம் நூபீடியா, அதோட கதைய சொன்னேன். நிபுணர்கள், ஏழு கட்ட சரிபார்ப்புன்னு 2000ல ஆரம்பிச்சு கட்டுரை வெளிய வரவே திணறினாங்க, அதுக்கு ஒத்தாசையா 2001ல போட்ட விக்கிபீடியா அதையே முழுங்கிருச்சு. ஓகே ஆயிருச்சு.

குரூப்ல ஒரு சார் இருக்காரு. ரிட்டையர்டு அக்கவுண்டன்ட், ஈரோட்டு பக்கம், எங்க கம்பெனில சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது, காலைல எந்திரிச்சதும் பதில் போட ஆரம்பிச்சிருவாரு. மரியாதைக்கு முதல்ல அவருக்குத்தான் ஃபோன் பண்ணேன்.

"பக்கம் போட்டுட்டா எங்கிட்ட யாருங்க தம்பி கேப்பாங்க?"ன்னு சிரிச்சாரு.

"கஷ்டமான கேள்வி மட்டும் உங்களுக்கு வரும் சார், தினம் ஒரே கேள்விக்கு டைப் அடிக்க வேண்டாம்ல."

"கேள்வி ஒன்னுதானுங்க, கேக்கற ஆளு வேற வேறல்லங்க."

நான் அதுக்கு என்னமோ "ஆமா சார்"னு சொல்லி வெச்சேன். பதில் அது இல்லைன்னு அப்பவே தெரிஞ்ச மாதிரியும் இருக்கு, இப்ப யோசிக்கறதால அப்படி தோணுதோ என்னவோ.

முதல் பக்கம் அவரே எழுதினாரு. போன வருஷ டர்ன்ஓவர் மட்டும் பாத்தா போதாது, 2017-18லேருந்து எந்த ஒரு வருஷம் தாண்டியிருந்தாலும் மாட்டும், ஒரே பான் (PAN) நம்பர்ல இருக்கற எல்லா கிளையும் சேரும்னு. நல்ல விஷயம், ஆனா நடுவுல ஒரு ஜவுளிக்காரர் ஒரே வருஷம் தாண்டிட்டு "இப்பதான் கம்மியாச்சே"ன்னு உக்காந்திருந்த கதை முக்கால் பக்கத்துக்கு. நான் கதைய எடுத்துட்டு ரூல மூணு வரி ஆக்கினேன். அவசரத்துல மொபைல்ல பாக்கறவனுக்கு மூணு வரிதான் வேணும், இதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல.

அவரு திருப்பி போடல, ஒன்னும் கேக்கவும் இல்ல. கொஞ்ச நாள்ல குரூப்ல வர்றது குறைஞ்சு நின்னே போச்சு. பேரன் வீட்டுக்கு போயிருக்கலாம், கண்ணு ஆபரேஷனா இருக்கலாம், எல்லாத்துக்கும் விக்கிதான் காரணம்னு நெனைக்கறதும் ஒரு திமிர்தான். ஃபோன் பண்ணி கேட்டுரலாம், பண்ணல.

கேள்வி நிஜமாவே கம்மியாயிருச்சு, மேனேஜருக்கு சந்தோஷம். ஆனா முன்னாடி பதில் வாங்கிட்டு போறவன் ரெண்டு நாள் கழிச்சு அடுத்தவனுக்கு சொல்லித் தருவான், அந்த மாதிரி ஆளுங்கதான் விக்கிய திருத்தவும் வரணும், இப்ப திருத்தறது முக்காவாசி நான்தான்.

இப்ப கேள்வி வந்த உடனே, தானா பதில் போடற ப்ரோகிராம் (bot) ஒன்னே விக்கி லிங்க போட்டுரட்டும்னு சொல்றாங்க. அர மணி நேர வேலைதான். அடுத்த மாசம் பாக்கலாம்னு தள்ளி வெச்சிருக்கேன், ஏன்னு கேட்டதுக்கு சர்வர் மாத்தறோம்ல, அது முடியட்டும்னு சொல்லிருக்கேன்.