கழிவு என்ற ஒரு பத்தி

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தென்னை வேர்மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணு ஒன்றை ஈ.கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவில் செலுத்தும் என் ஆய்வுத் திட்டத்தை, மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள்வதற்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்காக மூன்றாம் முறையாகத் திருத்தினேன். மரபணுவின் மூலம், அதைச் சுமந்து செல்லும் கடத்தி, அதைப் பெறும் ஏற்பி உயிரி ஆகியவற்றை எழுதுவது எளிதாகவே இருந்தது. வரைவு திரும்பி வந்ததற்குக் காரணம், ஆய்வுக் கழிவை எப்படி அழிப்பது என்ற பத்திதான். “ஆட்டோகிளேவ் செய்யப்படும்”, அதாவது அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்கப்படும், என்று மட்டும் எழுதியிருந்தேன். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், கிருமி அழிந்ததற்கு என்ன சான்று என்று நெறியாளர் அம்மா ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார். (நியாயமான கேள்விதான், எனக்கு எரிச்சல் வந்தது வேறு விஷயம்.) இப்போது 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம், கிருமி அழிந்ததற்குச் சான்றாக வெப்பத்தைத் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பி (அவையும் செத்தால் மற்றவையும் செத்திருக்கும்) என்று அந்தப் பத்தி அரைப் பக்கத்துக்கு நீண்டிருக்கிறது.