எந்த எல்லைக்குள் அளந்த ஜிட்டர்?

நெட்வொர்க் ஸ்விட்ச் பலகை ஒன்றுக்காக, மற்ற சிப்புகளுக்கு நேரத் துடிப்பு தரும் 156.25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஜெனரேட்டர் தேடியபோது, ஒரு டேட்டாஷீட்டில் 0.3 பிக்கோ வினாடி என்றும் மற்றொன்றில் 0.15 பிக்கோ வினாடி என்றும் ஆர்.எம்.எஸ். ஜிட்டர் (துடிப்புகள் உரிய நேரத்திலிருந்து முன்பின் விலகுவதன் ஒருவகைச் சராசரி அளவு) குறிக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, இரண்டாவதையே வாங்குவதென்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அடிக்குறிப்பைப் படித்த பிறகே தவறு புரிந்தது. முதல் எண், கிளாக் அதிர்வெண்ணிலிருந்து 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை விலகியுள்ள கட்ட இரைச்சலை (அலையின் கட்டத்தில் நேரும் சிறு தடுமாற்றங்களை) கூட்டிப் பெற்றது. இரண்டாவதன் கணக்கு 1.875 மெகாஹெர்ட்ஸிலேதான் தொடங்குகிறது. கீழ் எல்லையை உயர்த்தினால் எந்தச் சிப்பின் எண்ணும் அழகாகத் தெரியும்.

இதை ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. மெதுவான அலைவுகளை எதிர்முனையில் கிளாக்கை மீட்டெடுக்கும் சுற்று தானே பின்தொடர்ந்து ஈடுகட்டிவிடும். 10 கிகாபிட் ஈதர்நெட்டில் அதன் எல்லை சுமார் 4 மெகாஹெர்ட்ஸ். ஆகவே இணைப்பில் சமிக்ஞையை அனுப்பிப் பெறும் ஃபை சிப்பின் ஆவணம் எந்த எல்லையைக் கேட்கிறதோ, அதே எல்லைக்கு உரிய எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

0.3 பிக்கோ வினாடி போதுமா என்பது வேகத்தைப் பொறுத்தது. பிட் பிழை விகிதம் 10⁻¹² ஆக இருக்க வேண்டுமானால், சீரற்ற ஜிட்டரின் ஆர்.எம்.எஸ். மதிப்பை ஏறத்தாழ 14 ஆல் பெருக்கி உச்சத்துக்கு உச்சம் கணக்கிடுவார்கள். அது இங்கே 4.2 பிக்கோ வினாடி. 10.3125 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் அகலம் 97 பிக்கோ வினாடி என்பதால் அது பொருட்டல்ல, 25.78125 கிகாபிட்டில் அகலம் 38.8 ஆகச் சுருங்கும்போது, கிளாக் மட்டுமே பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

அதிர்வெண்களின் சேர்க்கையையும் முன்கூட்டியே பார்ப்பது நல்லது. 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை நூறால் பெருக்கி 2500 ஆக்கினால், அதை 16, 20, 25 ஆல் வகுத்து 156.25, 125, 100 மூன்றையும் முழு எண் வகுப்பிலேயே பெறலாம். யாரேனும் 133.33 கேட்டால் 18.75 ஆல் வகுக்க வேண்டிவரும். பின்ன வகுப்பு வந்தாலே தேவையற்ற அதிர்வெண்களில் கூரிய முட்கள் (ஸ்பர்) நிறமாலையில் முளைக்கும் வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றுக்குத் தனி ஆஸிலேட்டர் வைப்பதே என் வழக்கம்.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்த சிப், பலகையில் ஏறியதும் முதல் அளவீட்டில் டேட்டாஷீட்டின் எண்ணைத் தொடவில்லை. கட்ட இரைச்சல் வரைபடத்தில், பலகைக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் அதிர்வெண் அளவு விலகிய இடத்திலேயே ஒரு முள் நிமிர்ந்து நின்றது. கிளாக் சிப்பின் மின்வழங்கலுக்கு உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் பீடும், தனியாக ஓர் எல்.டி.ஓ.வும் (ஸ்விட்சிங் இல்லாத நேரியல் ரெகுலேட்டர்) சேர்த்த பிறகு அது இரைச்சல் தளத்துக்குள் அமிழ்ந்தது.