படக்கழகம் காட்டித் தந்த லிலியன் கிஷ்

கிரிக்கெட்டைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் இந்தக் கல்லூரி மலரில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம் கல்லூரிப் படக்கழகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து வரும் 16 மி.மீ. சுருள்களை எங்கள் ஆங்கில மாஸ்டர் மண்டபத்தில் போட்டுக் காட்டுவார். 1919 இல் வெளிவந்த 'புரோக்கன் பிளாசம்ஸ்' படத்தை அப்படித்தான் பார்த்தோம். பேச்சில்லாத படம் என்றதும் பின்வரிசைப் பெடியள் கூச்சல் போட்டார்கள். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. அடித்து வதைக்கும் தகப்பன் மகளைச் சிரிக்கச் சொல்கிறான். அவளுக்குச் சிரிப்பு எங்கே வரும்? இரண்டு விரல்களால் உதட்டோரங்களை மேலே தள்ளிக் காட்டுகிறாள். கூச்சல் போட்ட ஒருவரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அந்த விரல் அசைவு, மகளாக நடித்த லிலியன் கிஷ் தானே கண்டுபிடித்தது என்று மாஸ்டர் சொன்னார்.

1893 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்தவர் லிலியன். தகப்பன் விட்டுப் போனதால் சிறு வயதிலேயே மேடையேறினார். 1912 இல் தங்கை டொரத்தியோடு இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித்தின் படத்தில் அறிமுகமானார்.

'வே டவுன் ஈஸ்ட்' (1920) படத்துக்காக வெர்மொன்ட்டில், ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டி மேல் கிடந்தார். கையும் கூந்தலும் தண்ணீரில் கிடக்கட்டும் என்றது அவருடைய யோசனை. அந்தக் கையில் பாதிப்பு ஆயுள் முழுக்க இருந்தது. ரொறன்ரோ குளிரில் கையுறை இல்லாமல் நின்றவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

ஆனால் என் மனதில் முதலிடம் 'த விண்ட்' (1928) படத்துக்குத்தான். கதையைத் தெரிந்தெடுத்ததும், சுவீடன்காரர் விக்டர் சியோஸ்ட்ரம் இயக்கட்டும் என்று கேட்டதும் லிலியனே. மொஹாவி பாலைவன வெயிலில் விமான இஞ்சின்களைச் சுழலவிட்டு மணலை அவர் மேல் வீசினார்கள். படம் வந்தபோது பேசும் பட அலை தொடங்கிவிட்டது, வசூல் இல்லை. அவர் மேடைக்குத் திரும்பினார்.

1915 இல் கிரிபித் இயக்கிய 'த பர்த் ஆஃப் எ நேஷன்' படத்திலும் அவர் நடித்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தப் படத்தை என்னால் ஏற்க முடியாது. கிரிபித்தை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்காததும் எனக்கு வருத்தமே.

தொண்ணூறு வயது தாண்டியும் 'த வேல்ஸ் ஆஃப் ஓகஸ்ட்' (1987) படத்தில் நடிகை பெட்டி டேவிஸுடன் நடித்தார். 1993 இல் காலமானார்.

இந்தப் பழைய படங்கள் பல இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் 'வே டவுன் ஈஸ்ட்' படத்தில் தொடங்குங்கள். 'புரோக்கன் பிளாசம்ஸ்' சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அடி உதை அதிகம்.