தபால் பெட்டியில் அப்பா

லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்தால் தார்சாவில் ஒரு அட்டைப்பெட்டி கிடக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அம்மா எனக்குப் பிரான்சில் இருக்கும் லியோனுக்கு அனுப்பிய அதே பெட்டி. கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. பிரித்தால் கருப்பட்டி இளகிப்போய், எள்ளுப்பொடிப் பொட்டலம் முழுக்க எறும்பு.

தப்பு விலாசத்தில். ‘சுடலைமணி’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். நான் குடியிருக்கும் கட்டடத்தில் வீடுகளுக்கு எண் கிடையாது. கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர். என் பெட்டியில் இருப்பது அப்பா பெயர், இசக்கிமுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்தில் அதைத்தான் போட்டேன். வேறு எதைப் போட? 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டாயிற்று. நமக்கு மிச்சம் இனிஷியல்தான்.

அதனால் ஆபீசில் எனக்கு வரும் கடிதமெல்லாம் ‘மொஸ்யே இசக்கிமுத்து’, அதாவது திருவாளர் இசக்கிமுத்து. தாமிரபரணியைத் தாண்டி வேலைக்குப் போகாத மனுஷன், பாவம்.

அங்கே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் மார்த்தேன். நாலாம் நூற்றாண்டில் தூர் நகரத்தில் பிஷப்பாக இருந்த புனித மார்ட்டினின் பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேர் சுடலையும் இசக்கியுமாக இருப்பது மாதிரித்தான், சாமி பேர். துபுவா என்றால் காட்டுப்பக்கத்துக்காரர், பெத்தி என்றால் சின்னவர். எனக்குப் பிடித்தது கொல்லன் பெயர்: வடக்கே லெஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர், பிரெத்தாஞ் பக்கம் லெ கொஃப். மூன்றும் ஒரே பட்டறை. இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரு ஆளைச் சுட்டிய பெயர்கள். மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டன. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1794இல் சட்டமும் போட்டுவிட்டார்கள். பாண்டிச்சேரியில்கூட, 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய தமிழர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள்தான் நம் ஆட்கள். அங்கே அப்பன் பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ சேர்ப்பார்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

என் மகன் லியோனில் பிறந்தான். ஊர் வழக்கப்படி அவன் இனிஷியல் ‘சு’. அங்கே அவனும் இசக்கிமுத்து. அவன் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். நான் நடுவில் காணாமல் போவேன்.

சரி, புதுப் பெட்டி வாங்கிப் புதுக் கருப்பட்டி அடுக்கியாயிற்று. “நான் போன பிறகு அனுப்பு. இந்தத் தடவை சரியா எழுதும்மா, அப்பா பேர் முதல்ல வரணும்” என்று பேனாவை நீட்டினேன். அப்பா போய் ஆறு வருஷம். இன்னும் அம்மாவுக்கு அவர் ‘அவுக’தான். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

“ஏல, அவுக பேர நான் எப்படில எழுத?”

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை அடுக்களைக்குள் நின்றுகொண்டாள்.