அம்மாவின் வேண்டுதல், விலாசம் தவறியது

அம்மா மூன்று வாரமாக முடி கொட்டுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் போனோம். மரி லாவோ சமாதியைப் பார்க்க வேண்டும் என்பது என் பலநாள் ஆசை. 'வூடூ ராணி', அதாவது மாந்திரீகம் கலந்த ஒரு வழிபாட்டின் தலைவி என்று சொன்னால் அம்மா ஹோட்டலை விட்டே கிளம்பமாட்டாள். அதனால், "1881-ல இறந்துபோன ஒரு பெரியவங்க. சக்தி உள்ளவங்களாம். சர்ச்சுக்கும் ஒழுங்கா போவாங்களாம்" என்று பாதிக் கதையைச் சொன்னேன்.

"பிழைப்புக்கு என்ன பண்ணாங்க?"

"பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தலை அலங்காரம்."

அவ்வளவுதான். அம்மா எனக்கு முன்னால் செருப்பை மாட்டிவிட்டாள்.

அந்தச் சமாதி இருக்கும் செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டம் எண் 1, 1789-ல் ஆரம்பித்தது. 2015-லிருந்து வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். எல்லாம் நம் ஆட்களைப் போன்ற பக்தர்கள் செய்த வேலை. மூன்று எக்ஸ் கிறுக்கி வேண்டிக்கொண்டால் லாவோ நிறைவேற்றுவாள் என்று யாரோ கிளப்பிவிட, சமாதி முழுக்கக் கிறுக்கல். 2013 கடைசியில் ஒரு புண்ணியவான் முழுசாக ரோஸ் பெயின்டே அடித்துவிட்டான்.

உள்ளே எல்லாம் தரைக்கு மேல் கட்டிய குட்டி வீடுகள். அந்த வெயிலில் உடல் சீக்கிரம் மக்கிவிடுமாம். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்தால் திறந்து, எலும்பைப் பின்னால் தள்ளி, அதே இடத்தில் குடும்பத்தின் அடுத்த ஆளை வைக்கலாம் என்றார் வழிகாட்டி. நான் மொழிபெயர்த்தேன்.

"செத்தும் ஒண்டுக்குடித்தனமா?" என்றாள் அம்மா.

வழிகாட்டி வேறொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது திரும்பினால், அம்மாவைக் காணோம். கொஞ்சம் தள்ளி, ஒன்பது அடி உயர வெள்ளைப் பிரமிடு ஒன்றின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி நிற்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. அந்த வெயிலில் வெறுங்காலோடு எப்படி நின்றாளோ!

"என்னம்மா இது?"

"பார்த்தாலே தெரியலையா? எத்தனை பேர் குங்குமம் வச்சிருக்காங்க பாரு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். குங்குமம் இல்லை, லிப்ஸ்டிக். முத்தம் முத்தமாகப் பதித்திருக்கிறார்கள். அது நடிகர் நிக்கோலஸ் கேஜ் தனக்காக முன்கூட்டியே கட்டிவைத்த கல்லறை.

"அவரு எப்போ தவறினாரு?"

"இன்னும் தவறலை. நல்லா நடிச்சுக்கிட்டுதான் இருக்காரு."

அம்மா சட்டென்று கையை இறக்கினாள்.

அப்புறம்தான் நிஜமான இடத்துக்கு வந்தோம். லாவோவின் சமாதி என்று நம்பப்படுவது சாதாரணமான, உயரமான வெள்ளைக் கட்டடம். 'விதவை பாரிஸ், பிறந்த வீடு லாவோ' என்று பிரெஞ்சில் கல்வெட்டு. தொடக் கூடாது, எதுவும் வைக்கக் கூடாது. "இப்போ வேண்டிக்கோம்மா" என்றேன்.

"ஒரே வேண்டுதலை ரெண்டு இடத்துல வைக்கக் கூடாதுடா. யார் செய்யறதுன்னு அவங்களுக்குள்ள குழப்பம் வரும்."

வெளியே வந்து பேசின் தெருவில் காருக்குக் காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "அந்த நடிகருக்கு முடி எப்படி?"

போனில் படத்தை எடுத்துக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, நெற்றிப் பக்கம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சரி, பெட்டியில தேங்காய் எண்ணெய் வச்சியா?"