மறைத்து வைக்க மேடையில் இடமில்லை

இருபது ஆண்டுகளாகக் கொலைகளை எழுதிப் பிழைத்துவரும் எனக்கு, ஒரு பிணத்தை எவ்வளவு நேரம் படுக்க வைப்பது என்ற கேள்வி சென்ற ஆண்டு வரை எழுந்ததே இல்லை. நாவலில் பிணம் கிடக்கும். ஒரு பத்தி அளவுக்கு அதைப் பார்ப்போம். பிறகு இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போவார், நாமும் அவர் பின்னாலேயே போய்விடுவோம். மேடையில் அது அங்கேயே கிடக்கிறது. அதற்குக் கொசு கடிக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய முதல் நாடகத்தின் முதல் ஒத்திகையில், கள்ளுக்கடைக் கணக்கராகச் செத்துக் கிடந்த பையன் 11-ஆவது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டு, "சார், நான் இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஊரில் நாடகம் புதிதல்ல. பி. என். பணிக்கர் 1945-இல் திருவிதாங்கூரில் தொடங்கிவைத்த நூலக இயக்கம் பின்னர் கேரளம் முழுவதும் பரவியதன் பயனாக, சித்தூர் வட்டத்தின் தமிழ்க் குடும்பங்களுக்கும் மாலையில் போய் உட்கார ஒரு வாசகசாலை கிடைத்தது. அதன் ஆண்டு விழாவில் ஒரு நாடகம் இருந்தே ஆகவேண்டும் என்பது எழுதாத விதி. சிறுவயதில் நான் பார்த்தவை பெரும்பாலும் மலையாள நாடகங்கள். "அடுத்த ஒரு பெல்லோடு கூடி நாடகம் ஆரம்பிக்குந்நு" என்று ஒலிபெருக்கியில் வரும் அந்தக் கனத்த குரலைக் கேட்டதும், கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கைகள்கூட அப்படியே நின்றுவிடும். அந்தக் குரலுக்குப் பின்னால் என் எழுத்து ஒன்று ஒருநாள் திரை விலக்கும் என்று நான் நினைத்ததில்லை, ஆசைப்பட்டதும் இல்லை. சென்ற ஆண்டு வாசகசாலைச் செயலாளர் வீட்டுக்கு வந்து, "இத்தனை கதை எழுதறீங்க, நம்ம ஊருக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?" என்று கேட்டதற்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. 94 பக்கம். அதைத் தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரும், நாற்பது ஆண்டுகளாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாடகம் போடுபவருமான எங்கள் மாஷிடம் கொடுத்தேன். (இங்கே ஆசிரியர் எல்லோரும் மாஷ்தான், தமிழாசிரியரும் மாஷ்தான்.) இரண்டு நாள் கழித்துப் பிரதியைத் திருப்பித் தந்தபோது ஓரங்களில் பென்சிலால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்: "இதை யார் பார்ப்பது?" 'அவன் மனத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது' என்று நான் எழுதிய இடத்திலும் அந்தக் கேள்வி, 'சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டை அவள் கவனிக்கவில்லை' என்று எழுதிய இடத்திலும் அதே கேள்வி. நாடகத்தின் முடிவில், என் தொடர் நாவல்களின் நாயகரான முன்னாள் போலீஸ்காரர் வந்து நின்று கொலை எப்படி நடந்தது என்று 14 பக்கம் விளக்கும் இடத்தில் மட்டும் வேறொன்று எழுதியிருந்தார்: "தம்பி, இது கதாகாலட்சேபம்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைத் தணித்துக்கொள்ள, எனக்கு முன்னால் இந்தக் கிணற்றில் விழுந்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். தமிழில் துப்பறியும் நாவலுக்கும் மேடைக்கும் உள்ள உறவு நான் நினைத்திருந்ததைவிடப் பழையது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' போன்ற நாவல்களை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள், அது 1935-இல் படமாகவும் வந்தது. புராண நாடகங்களிலிருந்து சமூக நாடகத்துக்குத் தமிழ் மேடை இறங்கி வந்த படிகளில் எங்கள் தொழிலும் ஒரு கல்லாக இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறிய பெருமை உண்டு. ஆனால் அந்த ஆசிரியர்களின் நாவல்களை மேடைக்குக் கொண்டுபோனவர்கள் நாடகக்காரர்கள். நாவலாசிரியனே போய் மாட்டிக்கொண்ட கதை வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.

தன் துப்பறிவாளரை மற்றவர்கள் மேடையில் காட்டிய விதம் பிடிக்காமல் அகதா கிறிஸ்டி எழுதிய முதல் நாடகம் 1930-இல் அரங்கேறியது. அதே கிறிஸ்டி 1951-இல் 'தி ஹாலோ' என்ற தன் நாவலை நாடகமாக்கியபோது, அந்தத் துப்பறிவாளரையே கதையிலிருந்து தூக்கிவிட்டார். ஒரு தீவில் பத்துப் பேரும் செத்துப்போகும் தன் நாவலை 1943-இல் மேடைக்கு எழுதியபோது முடிவை மாற்றி இருவரைப் பிழைக்க வைத்தார். கதையைச் சொல்ல மேடையில் யாராவது மிஞ்சவேண்டுமே. நாவலில் அந்த வேலையைக் கடைசியில் கிடைக்கும் ஒரு வாக்குமூலக் கடிதம் செய்துவிடுகிறது. இதைப் படித்த அன்று மாலை மாஷ் வீட்டுக்குப் போய், என் முன்னாள் போலீஸ்காரரை எடுத்துவிடச் சம்மதம் என்றேன். அவர் ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தார்.

அதன் பிறகு நடந்த இரண்டு மாத ஒத்திகையில் நான் கற்றுக்கொண்டவற்றில் மூன்று மட்டும் இப்போதும் உறுத்திக்கொண்டிருக்கின்றன.

முதலாவது, எழுதப்படாதவன் மறைந்துபோவதில்லை என்பது. நாவலில் ஒருவனைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதாவிட்டால் அவன் அந்த நான்கு பக்கத்திலும் இல்லை. வாசகர் அவனை மறந்துவிடுவார். மறந்த நேரத்தில்தான் அவன் என் கொலையைச் செய்வான். இருபது ஆண்டுகளாக நான் நடத்திவந்த வித்தை முழுவதும் இதுதான் என்று சொல்லலாம். ஒத்திகையிலோ, கள்ளிறக்கும் தொழிலாளியாக நடித்தவர் வசனம் இல்லாத நேரமெல்லாம் என்னைப் பார்த்து, "இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவேண்டாம் என்றேன். ஒன்றும் செய்யாமல் நின்றார். ஒத்திகை பார்க்க வந்திருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பத்தே நிமிடத்தில், "அந்த மாமா ஏன் சும்மா நிக்கறாரு? அவருதானே கொன்னது?" என்று கேட்டுவிட்டாள். அவர்தான் கொன்றது.

இரண்டாவது, நடிகரைத் தேர்ந்தெடுப்பதே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது என்பது. தாளில் எல்லோரும் ஒரே மையால் ஆனவர்கள். எங்கள் குழுவில் நன்றாக நடிப்பவர் ஒருவர்தான். கொலையாளியின் பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தால், இவ்வளவு நல்ல நடிகருக்கு இவ்வளவு சின்ன வேடமா என்று ஊரே சந்தேகப்படும். கொடுக்காவிட்டால் கடைசிக் காட்சி நிற்காது. பிறகு அவருக்கு இன்ஸ்பெக்டர் வேடத்தைக் கொடுத்தோம். அதனால் விளைந்ததைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவதுதான் என்னைப் பெரிதும் அலைக்கழித்தது. சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டுதான் என் கதையின் திறவுகோல். மாஷ் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நின்று, என்னை வாசகசாலை முற்றத்தின் கடைசியில், வேலியோரம் போய் உட்காரச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. "கடைசி வரிசையிலதான் தம்பி நம்ம ஆளுங்க உட்காருவாங்க. காதுல விழறதுதான் இங்க சாட்சி" என்றார்.

அன்றிரவு பிரதியை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனபோது, இரண்டாம் காட்சியில் நான் போகிற போக்கில் எழுதிவிட்டிருந்த ஒரு வசனத்தில் நின்றேன். கள்ளுக்கடை வாசலில் வேகவைத்த கடலை விற்கும் கிழவி, சந்தேகத்துக்கு ஆளான இளைஞனைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறாள்: "ஐயா, அந்தப் பையனுக்கு அப்ப ரொம்ப அவசரம்." கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவன், நின்று கொலை செய்ய அவனுக்கு நேரம் ஏது என்பது அவள் கருத்து. இன்ஸ்பெக்டரோ தெக்கே கொல்லத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, தக்க சமயம். அவர் எழுதிக்கொள்வது: "அவனு அப்போள் நல்ல அவசரமாயிருந்நு." அவனைக் காப்பாற்ற அவள் சொன்ன அதே சொல் அவன் கழுத்துக்குக் கயிறாகிவிடுகிறது.

நான் பிறந்தது முதல் இந்த இரண்டு அவசரங்களுக்கும் நடுவில்தான் வாழ்ந்துவருகிறேன், ஆனால் ஒரு நாவலில்கூட இதைப் பயன்படுத்தத் தோன்றவில்லை. காரணம் எளியது. என் நாவல்களில் மலையாளம் பேசுபவர்களெல்லாம் தமிழில்தான் பேசுவார்கள். 'என்று மலையாளத்தில் கேட்டார்' என ஒரு வால் ஒட்டிவிடுவேன். மேடையில் வால் ஒட்ட முடியாது, அவர் மலையாளத்திலேயே கேட்டாக வேண்டும்.

துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நாடகத்தை அந்த ஒரு சொல்லின் மேல் மறுபடி கட்டினேன். சட்டமும் கைகொடுத்தது. நாடகம் நடக்கும் 1990-களில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 162-ஆவது பிரிவு. (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது, இந்த ஏற்பாடு மட்டும் அதிலும் தொடர்கிறது.) போலீஸ் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாதென்று சாட்சியைக் காக்க வந்த விதி அது. என் கிழவிக்கோ, தான் சொன்னதாக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போகிறது. நாடகத்தின் பெயரும் 'அவசரம்' என்றே மாறியது.

இப்படி மாற்றியதில், கொலைகாரன் யார் என்பதை முதல் காட்சியிலேயே காட்டிவிடும்படி ஆயிற்று. இதற்கு உடன்பட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசிப் பக்கத்தை விற்றுத்தானே நான் வீட்டு வாடகை கொடுக்கிறேன்? மாஷ் வாதாடவில்லை, சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படையை மட்டும் நினைவூட்டினார். கொங்குப் படை வந்து தோற்றோடிய போரை ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் நடித்துக் காட்டும் திருவிழா அது. கொங்குப் பக்கத்திலிருந்து குடிவந்த எங்களைப் போன்ற குடும்பங்களும் பொரி வாங்கித் தின்றுகொண்டே எங்கள் தோல்வியைப் பார்த்துவிட்டு வருவோம். யார் ஜெயிப்பார் என்ற சந்தேகத்தோடு அங்கே ஒருவரும் போனதில்லை. தோற்பாவைக் கூத்தையும் சொன்னார். கூத்துமாடத்தில் 21 விளக்கேற்றி, கம்பன் பாட்டைச் சொல்லி, இரவெல்லாம் பாவையாட்டுகிறார்கள்; எதிரே சில இரவுகளில் ஒரு மனிதர்கூட இருப்பதில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைப் பார்க்கத் தவறிய பகவதிக்காக அந்தக் கூத்து. கேட்பதற்கு இவையெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் வாசகர் பகவதி அல்லர், பாதியில் எழுந்து போய்விடக்கூடியவர் என்ற பயம் கடைசி வரை போகவில்லை.

அரங்கேற்றத்தன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக இருந்தது. மைக் முழுக்கக் காற்றின் இரைச்சல். பின்திரை பாய்மரம்போல உப்பிக்கொண்டு நின்றது. நான் ஓரத் தட்டிக்குப் பின்னால் நின்று, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையைச் செய்தேன். இரண்டாம் காட்சியில் கிழவி அந்தச் சொல்லைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர், அதாவது எங்கள் நல்ல நடிகர், பிரதியில் இல்லாத ஒன்றைச் செய்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து அவளைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "அவசரம்?" என்று திருப்பிக் கேட்டார். "ஆமாங்கய்யா, அவசரம்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்கள்.

நான் அங்கே பெரும் அமைதியை எதிர்பார்த்திருந்தேன். கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் தொடங்கிய சிரிப்பு, பேனா மறுபடி தாளில் இறங்கியதும் பாதியில் நின்றது. வேலியோரமிருந்து ஒரு பெண்குரல், "ஐயோ, அப்படி இல்லீங்க சார்!" என்று மேடையைப் பார்த்துக் கத்தியது. 27 நாவல்கள் எழுதியிருக்கிறேன்; அவற்றில் எந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் மூச்சை நிறுத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிணமாகக் கிடந்த பையன்கூட அசையவில்லை. (அவனுக்குக் கொசுவத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிணத்தின் தலைமாட்டில் ஊதுவத்தி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.)

சென்ற மாதம் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாடகத்தை அங்கே போட முடியுமா என்று கேட்டார்கள். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்ட பிறகுதான் உறைத்தது: அங்கே மலையாளத்து அவசரம் பலருக்குத் தெரியாது. எல்லையைத் தாண்டியதும் என் திறவுகோல் வெறும் இரும்பாகிவிடுகிறது. முதல் காட்சியிலேயே அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரு டீக்கடைப் பேச்சில் நுழைத்து எழுதி மாஷிடம் காட்டினேன். படித்துவிட்டு, பென்சிலை எடுத்து, அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்காக அடித்தார். வேறு வழி என்ன என்று கேட்டேன். "யோசி, இன்னும் மூணு வாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.