நாலு இஞ்ச் குழாய் இப்போது பொய் சொல்வதில்லை

போன குறுவையில் என்னை இழுத்தடித்த வயல்நீர்க் குழாய் (மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க நெல் வயலில் புதைக்கும் துளைக் குழாய்), இந்தக் குறுவையில் ஒழுங்காக மட்டம் காட்டுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்ட ஆசைப்பட்டு, குழாயைக் களிமண் அடைத்துக்கொண்டதால் பிடுங்கி எறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதனால் குழாய் இறக்கும் கதையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மா (ஏறத்தாழ 33 சென்ட்) நிலம். பம்புசெட் பாசனம், ஆடுதுறை 43 நெல் ரகம், வரிசை நடவு. மண் கறுத்த களி. காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் அப்பிக்கொள்ளும்.

பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவு எல்லோருக்கும் தெரியும்: 30 செ.மீ. குழாய், 20 மண்ணுக்குள், 10 வெளியே, புதைகிற பகுதி முழுக்கத் துளை. உள்ளே தண்ணீர் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். அளவில் குறையே இல்லை. நம் களிமண்ணில் துளை வழியாகத் தண்ணீர் போய்வருவதுதான் பிரச்சினை. குழாயை அழுத்தி இறக்கும்போதே 5 மி.மீ. துளைகளில் களி திணிந்துவிடுகிறது. வெளியே வயல் வெடிக்கத் தொடங்கியிருக்கும், குழாய்க்குள் மட்டும் பழைய தண்ணீர் அசையாமல் நிற்கும். அதை நம்பினால் பயிர் வாடிய பிறகுதான் மோட்டார் போடுவோம்.

முதலில் கொசுவலை சுற்றினேன். நுண்ணிய களி வலைமேல் ஏடு மாதிரி படிந்து, துளை அடைத்ததைவிட மோசமானது. பிறகு கிணறு, போர் போடுகிறவர்களின் வழியைப் பிடித்தேன். குழாயை அழுத்தவே கூடாது. சேற்றைக் கையால் அள்ளி, குழாயைவிட இரண்டு விரல் அகலமாகக் குழி எடுக்க வேண்டும். குழாயை நிறுத்தி, சுற்றிலும் கழுவிய பருமணலை நிரப்ப வேண்டும். மணலை மேல்வரை கொண்டுவரக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். மேலே நாலு விரல் உயரத்துக்கு அதே களியைப் பிசைந்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வயலில் நிற்கும் தண்ணீர் மணல் வழியாக நேரே குழாய்க்குள் இறங்கி, மண்ணில் இருப்பதைவிட மட்டத்தைக் கூட்டிக் காட்டும். கடைசியாகக் குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை வழித்தெடுக்க வேண்டும்.

சோதனை எளிது. வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்த் தண்ணீரை டம்ளரால் மொண்டு ஊற்றுங்கள். வரப்பில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளும் வெளியும் ஒரே மட்டத்துக்கு வந்தால் குழாய் சரி. வரப்பை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், நண்டு வளை எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

குழாய்க்குப் புது பைப் வாங்க வேண்டியதில்லை. வீடு கட்டுகிற இடங்களில் நாலு இஞ்ச் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். ஒரு கடையில் 'விவசாயக் குழாய்' என்று துளை போட்டு விற்றதை வாங்கிப் பார்த்தேன். துளைகள் ஒரே பக்கம், அதுவும் மேல்பாதியில். அந்தக் காசுக்கு நல்ல டிரில் பிட்டே வாங்கியிருக்கலாம்.

மட்டம் பார்க்கச் சேற்றில் இறங்கவும் வேண்டாம். தெர்மகோல் துண்டில் சைக்கிள் ஸ்போக் குத்தி, நுனியில் சிவப்பு பெயிண்ட் அடித்து மிதக்கவிட்டிருக்கிறேன். சிவப்பு, குழாய் விளிம்புக்குக் கீழே மறைந்தால் மோட்டார் போட வேண்டும்.

பக்கத்து வயல் பெரியவர், "கரண்டு சும்மா வருது, தண்ணியக் கட்டிவிட்டுப் போயேன் தம்பி" என்கிறார். கரண்டுக்குக் காசு இல்லை என்பது சரிதான். நிலத்தடி நீருக்கு யார் கணக்கு வைப்பது? இந்த முறையில் பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும். தண்ணீர் ஓயாமல் நிற்கும் சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இடையிடையே மண்ணுக்குள் காற்று புகுந்தால் அவை அடங்கிவிடும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 கணக்கீட்டு நெறிமுறையில், எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கு மீத்தேன் காரணி 1 என்றால், பலமுறை காயவிடும் வயலுக்கு 0.52. ஒரு மா நிலத்தில் இது சின்ன விஷயம்தான். டெல்டா முழுக்கப் பம்புசெட் வயல்களில் செய்தால் சின்ன விஷயமாக இருக்காது. முறைவைத்து ஆற்றுத் தண்ணீர் வரும் வயல்களில் இதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். கேட்ட நேரத்தில் தண்ணீர் கையில் இல்லாமல் காயவிடுவது ஆபத்து.

களை அதிகமாகத்தான் வருகிறது. நட்ட முதல் இரண்டு வாரம் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்தும், கோனோ வீடர் என்ற களையெடுக்கும் தள்ளுகருவியை ஓட்டியும் சமாளித்தேன். சம்பாவுக்கு இலை வண்ண அட்டையையும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். இலையின் பச்சையை அட்டையின் எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வெளுத்தால் யூரியா போட வேண்டும். அந்த எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காயவிடும் வயலில் யூரியாவை அள்ளிப் போட்டால், பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்பதால் அளந்து போடுவது அவசியம்.

பயிர் இப்போது பொதியில், கதிர் வெளிவராமல் உறைக்குள் இருக்கும் பருவத்தில், இருக்கிறது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பதர்தான். அதுவரை சிவப்பு நுனிக்கு ஓய்வு. பால் பிடித்ததும் மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலும். அறுவடை மிஷின் இறங்குவதற்கு முன்பு குழாய்களை மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன்.